கட்டுச்சோற்றோடு எந்த வள்ளத்தில் ஏறுவது? கொழும்பிலிருந்து ஐந்து இடங்கள்

ஜூன் கடைசியானால் எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அக்கா, நாங்கள் பதினெட்டாம் திகதி வாறம். பிள்ளைகளை எங்கயாவது போட்டில கூட்டிக்கொண்டு போகலாமோ? ஹொட்டேல் சாப்பாடு வேண்டாம், உங்கட கையால சமைச்சது போதும்." டொரொன்டோவில் இருக்கும் தம்பி போன வருடம் கேட்டான். இந்த வருடம் லண்டன் மச்சாள் கேட்கிறாள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை வீடுகளில் இதே பேச்சு ஓடுகிறதோ தெரியாது, என் சினேகிதிகள் நாலு பேர் வீட்டில் நிச்சயமாக ஓடுகிறது.

அவர்களுக்கு அது சமர். நமக்கு அது தென்மேல் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் குமுறிக்கொண்டிருக்கும், மழை நினைத்த நேரத்தில் வந்துபோகும். உண்மையான வெயில் காலம் பங்குனியும் சித்திரையும்தான். அப்போது பள்ளிக்கூட லீவும் வருகிறது, ஆனால் பின்னேரம் இடியும் மின்னலும் சேர்ந்து வரும். இந்த இரண்டு காலத்துக்கும் ஒரே இடத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். அடுத்த முறை கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

படம் பார்த்து இடம் பிடிப்பவர்கள் பலர். படத்தில் எல்லாத் தண்ணீரும் நீலம். நான் பார்ப்பவை வேறு.

முதலாவது, அந்த மாதத்தில் அந்தத் தண்ணீர் அமைதியாக இருக்குமா என்பது. இரண்டாவது, கொண்டுபோன சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது. வள்ளத்துக்குள் இலையை விரித்துச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கட்டும். குழம்பு மடியில், அப்பளம் தண்ணீரில். மூன்றாவது, மூட்டு நோவுள்ள மாமியும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஏறி இறங்க முடியுமா, கிட்டத்தில் கழிப்பறை உண்டா. நான்காவது காசு. படகுக்கூலியை மட்டும் நான் சொல்லவில்லை, வான், வழிச்செலவு, "சும்மா பாருங்கோ" என்று காட்டிவிட்டு நீட்டும் கையும் அதில் சேரும்.

ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: சமைப்பவருக்கு அன்று லீவு உண்டா? பதினான்கு பேருக்கு வீட்டுச் சாப்பாடு என்றால் ஒருத்தி விடிய மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். எல்லாருக்கும் அது ஆறுதலான நாள், அவளுக்கு மட்டும் கல்யாண வீட்டு வேலை. என் தெரிவுகள் எல்லாம் கடைசியில் இந்த ஐந்தாவதில்தான் போய் நிற்கின்றன, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## பேர வாவி: ஒரு மணி நேரம் மட்டும் இருந்தால்

நகரத்தின் நடுவில், கங்காராம விகாரைக்குப் பக்கத்தில், அன்னப்பறவை வடிவ மிதிபடகுகள். ஓட்டோவில் போய் இறங்கலாம். தண்ணீரின் மேல் நிற்கும் சீமா மாலகா என்ற தியான மண்டபத்தை 1970களில் கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். படகிலிருந்து பார்த்தால் அது மிதப்பது போலத் தெரியும், அந்தக் காட்சிக்காகவே ஒரு தரம் போகலாம்.

குறை தெரிந்ததுதான். தண்ணீர் பச்சைப் பாசியால் கெட்டிப்பட்டுக் கிடக்கும், காற்றில்லாத நாளில் மணக்கும். அந்த மணத்தில் புளிச்சாதத்தைத் திறக்க மனம் வராது. சாப்பாட்டை விகாரமகாதேவிப் பூங்காவுக்குக் கொண்டுபோய் மர நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், தூரமில்லை. சின்னப்பிள்ளைகள் இருவர், பின்னேரம் ஒரு மணி நேரம், கையில் சீனிச்சம்பல் வைத்த பாண் நாலு துண்டு என்றால் பேர வாவி போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

## பொல்கொட: வீட்டையே தண்ணீர்க்கரைக்குக் கொண்டுபோக

மொறட்டுவை, பிலியந்தலை, பாணந்துறைப் பக்கங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பெரிய ஏரி இது. வடக்கே ஒரு நீர்ப்பரப்பு, தெற்கே ஒன்று, இரண்டையும் ஓர் ஆறு இணைக்கிறது, கடைசியில் பாணந்துறையில் கடலில் விழுகிறது. காலி வீதி மனம் வைத்தால் வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இங்கே முறை வேறு. கரையோரத்தில் நாள்வாடகைக்கு வீடுகள் கிடைக்கும். சிலவற்றில் கயாக், மிதிபடகு வாடகையோடே வரும், இயந்திரப் படகுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குச் சமையலறை இருக்கும், விறாந்தை இருக்கும், மாமி சாய்கதிரையில் படுக்கலாம், மழை வந்தால் உள்ளே ஓடலாம். ஜூலை, ஓகஸ்டில் மழைக்கும் வெயிலுக்கும் இடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தைப் பிடித்து வள்ளம் விட வேண்டுமென்றால், வள்ளத்துக்குப் பக்கத்திலேயே கூரை வேண்டும். அந்த வசதி மற்ற இடங்களில் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளை இப்போது கேளுங்கள். வாடகை தலைக்கா, வீட்டுக்கா என்று கேட்காமல் போகாதீர்கள். சில இடங்களில் வெளிச்சாப்பாடு கொண்டுவந்தால் அதற்கொரு கட்டணம், சமையலறை பாவித்தால் இன்னொன்று. நாங்கள் ஒரு தரம் பதினாறு பேராகப் போய் இறங்கினோம். "சமையலறை உண்டு" என்று தொலைபேசியில் சொன்னது பொய்யில்லை, இருந்தது. அடுப்பில் ஒரு பக்கம்தான் எரிந்தது, காஸ் சிலிண்டர் கஞ்சி ஒரு கொதி கொதித்ததும் முடிந்துவிட்டது. மூன்று செங்கல் அடுக்கி, தென்னம்பாளையை வைத்து எரித்து மீன்குழம்பு வைத்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குழம்பைப் பற்றி டொரொன்டோவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் புகையில் கண் கசக்கினது நான். அதன் பிறகு அடுப்பு எத்தனை பக்கம், சிலிண்டர் எவ்வளவு, பெரிய சட்டி உண்டா என்று கேட்டு, படமும் அனுப்பச் சொல்லித்தான் காசு கட்டுவேன்.

இன்னொன்று. பொல்கொடவில் முதலை உண்டு. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் பிள்ளைகள் படிக்கட்டிலிருந்து காலைத் தண்ணீருக்குள் தொங்கப்போட்டு உட்கார விடாதீர்கள். மீன் கழுவின தண்ணீரையும் செதிலையும் கரையில் கொட்டாதீர்கள்.

யாருக்கு இது? பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டம், வயதானவர்கள், கைக்குழந்தை, நிச்சயமில்லாத வானிலை. நாலு பேர் மட்டும் என்றால் வீட்டு வாடகை கைகடிக்கும்.

## முத்துராஜவெல: விடியலில் வள்ளம், மத்தியானம் வீட்டில்

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதுதான். கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புக் களப்போடு ஒட்டிக் கிடக்கும் சதுப்பு நிலம், 3,000 ஹெக்டேயருக்கு மேல். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் விமான நிலையத்துக்குப் போகும்போது வழியில் தண்ணீரும் புல்லுமாகத் தெரியுமே, அதுதான். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இறங்கின உடனே இதைக் கடந்துதான் நகரத்துக்கு வருகிறார்கள், என்னவென்று தெரியாமலே.

ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்தது. பிறகு வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புத் தண்ணீர் ஏறி வயல் கெட்டுப்போனது. அந்த உப்பை வடிக்கத்தான் பிரித்தானியர் 1802இல் ஹமில்டன் கால்வாயை வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். வயல் மீளவில்லை, கால்வாய் மிச்சம். சனங்கள் அதையும் டச்சுக் கால்வாய் என்றே சொல்வார்கள். பமுனுகம, போபிட்டியப் பக்கத்தில் வள்ளம் ஏறினால் அந்தக் கால்வாய் வழியே போய், கண்டல் மரங்களுக்குள் நுழைந்து, களப்பில் வெளிப்படலாம். நீர்க்காகம், மீன்கொத்தி, செந்நாரை, கரையில் கபரகொய்யா, சில நேரம் குரங்கு. ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் இந்தப் பட்டியல். பத்து மணிக்குப் போனால் வெயிலும் வள்ளக்காரரின் அனுதாபமும்தான் கிடைக்கும்.

நேரம் இப்படி அமைவது சாப்பாட்டுக்கும் நல்லது. இரவே செய்த கொழுக்கட்டையும் பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணியும் போதும், வள்ளத்தில் ஒரு கையால் பிடித்துச் சாப்பிடலாம். ஆடிப்பிறப்பு எப்படியும் ஜூலை நடுவில் வருகிறது, கொழுக்கட்டை அவித்த கையோடு கிளம்பிவிடலாம். வள்ளம் விட்டு இறங்கியதும் நீர்கொழும்பு லெல்லம மீன்சந்தைக்குப் போனால் இறாலும் நண்டும் வாங்கலாம். பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கு வீட்டுக்கு. பிறகு வீடு முழுக்க இறால் உடைக்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களும் ஆண்களும் எல்லாரும் தரையில் உட்கார்ந்து உடைப்பார்கள், நான் தாளிக்கிறேன். ஐந்தாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. சமையல் என்ற வேலையே அந்த நாளின் பாதிப் பொழுதுபோக்காகிவிடுகிறது.

குறைகளும் உண்டு. நுளம்பு. கால்வாய்க் கரையில் சில இடங்களில் குப்பை, பார்த்தால் மனம் சுருங்கும். விடிய நாலரைக்கு வான் வர வேண்டும், பயணக் களைப்பில் இருப்பவர்களை முதல் மூன்று நாளில் எழுப்பவே முடியாது, அல்லது அவர்களே இரண்டு மணிக்கு எழும்பி உட்கார்ந்திருப்பார்கள். வள்ளத்தில் படி இறங்கி ஏறுவது மூட்டு நோவுக்காரர்களுக்குக் கஷ்டம். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் திருவிழா நாட்களில் காலி வீதியில் தேர் வரும் வேளை தெரியாமல் திரும்பினால் பம்பலப்பிட்டியில் நிற்பீர்கள், இறால் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் நம் வீடுகளில் மச்சம் சமைப்பதும் இல்லை, ஆகவே திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பெந்தோட்டையும் மாதுகங்கையும்: பார்க்க நிறைய, இருக்க இடமில்லை

வெளிநாட்டுப் பிள்ளைகள் இன்ஸ்டகிராமில் பார்த்துவிட்டு வருவது இதைத்தான். பெந்தோட்டை ஆற்றில் வேகப்படகு, வாழைப்பழப் படகு எல்லாம் உண்டு. கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் ஆறு ஓரளவு அடங்கியே இருக்கும். இன்னும் தெற்கே பலப்பிட்டியில் மாதுகங்கை, 2003இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கண்டல் காட்டுக்குள் குகைபோல் வளைந்த வழி, தீவில் விகாரை, இன்னொரு தீவில் கறுவாப் பட்டை உரித்துக் காட்டுவார்கள்.

வள்ளக்கூலி பொதுவாக ஆளுக்கில்லை, வள்ளத்துக்கு. ஆறு பேராகப் போனால் கட்டுப்படும், இரண்டு பேரென்றால் அதே காசு. பேரம் பேச வேண்டும், அதுவும் வானிலிருந்து இறங்கும் முன். தம்பியின் மகள் ஆங்கிலத்தில் "வாவ்" என்ற கணத்தில் விலை ஒரு படி ஏறினதை நான் கண்ணால் பார்த்தேன். கறுவாத் தீவில் எண்ணெய்க் குப்பி, மீன் கடிக்கும் தொட்டியில் கால் வைக்கக் காசு, விகாரையில் உண்டியல், கடைசியில் வள்ளக்காரருக்குச் சந்தோசம். இவை சின்னச் சின்னத் தொகைதான், கூட்டினால் இன்னொரு வள்ளக்கூலி.

சாப்பாட்டுக்கு வந்தால் இங்கேதான் சிக்கல். வெள்ளவத்தையிலிருந்து பலப்பிட்டி 70 கிலோமீற்றருக்கு மேல். காலையில் கட்டின சோறு மத்தியானம் திறக்கும்போது ஆறேழு மணி நேரமாகிவிடும். திறந்து சாப்பிடப் பொது இடமும் அதிகமில்லை, கடற்கரையில் காற்றோடு மணலும் சேர்ந்து வரும். அதனால் போகும்போது வீட்டுக் காலைச்சாப்பாடு, மத்தியானம் அங்கே கடையில் என்று வைத்துக்கொள்வது புத்தி. "வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. பதின்மவயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி, அவர்களுக்கு முத்துராஜவெலவில் நாரை காட்டினால் ஃபோனைப் பார்ப்பார்கள்.

ஒரு லாபம் இருக்கிறது. கரையோர ரயில் வெள்ளவத்தையில் நின்று அளுத்கம வரை போகிறது. ரயில் ஜன்னலும் கடலும் டிபன் கரியரும் சேர்ந்தாலே பாதி நாள் நிறைந்துவிடும், வானுக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.

## மட்டக்களப்பு: மூன்று நாள் இருந்தால் மட்டும்

மேற்கில் காற்றடிக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஜூலை, ஓகஸ்டில் கடலிலேயே வள்ளம் விட ஆசை என்றால் திருகோணமலையும் பாசிக்குடாவும்தான். எனக்கு மட்டக்களப்புக் களப்பு. கல்லடிப் பாலம் 1924இல் கட்டியது. முழுநிலா இரவில் அதன் கீழே துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த இவருக்குக் கேட்கவில்லை. அது மீனா, சிப்பியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், ஒரு பக்கத்துக்கே ஏழெட்டு மணி நேரம். ஒரு நாள் பயணமாக நினைக்கவே வேண்டாம். அங்கே சொந்தக்காரர் இருந்தால் கதை மாறிவிடுகிறது. தங்கும் செலவு இல்லை, எருமைத்தயிரும் களப்பு நண்டும் அவர்கள் அடுப்பில். சமைப்பவருக்கு லீவு என்று சொல்லலாம், ஆனால் அங்கே இன்னொருத்தி மூன்று மணிக்கு எழும்புகிறாள் என்பதை மறக்காமல் ஒரு சேலையாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

## ஒரே பார்வையில்

| | பேர வாவி | பொல்கொட | முத்துராஜவெல | பெந்தோட்டை, மாதுகங்கை | மட்டக்களப்பு |
|---|---|---|---|---|---|
| வேண்டிய நேரம் | ஒரு பின்னேரம் | முழு நாள் | அரை நாள், விடியலில் | முழு நாள் | மூன்று நாள் |
| ஏற்ற காலம் | மழையில்லா எந்த நாளும் | எப்போதும், கூரை உண்டு | சித்திரையில் மிக நல்லது, ஆடியில் மழை பார்த்து | ஆறு பெரும்பாலும் சரி, மாரி வெள்ளத்தில் வேண்டாம் | மே முதல் செப்டெம்பர் |
| சாப்பிட இடம் | பூங்காவில் | வாடகை வீட்டில் | வள்ளத்தில் கொழுக்கட்டை, பிறகு வீடு | கடை அல்லது ரயில் | சொந்தக்காரர் வீடு |
| மறைந்த செலவு | மணம் | சமையலறை, வெளிச்சாப்பாட்டுக் கட்டணம் | நித்திரை | கறுவாத் தீவு, மீன் தொட்டி | பயணம், அன்பளிப்பு |
| மூட்டு நோவுக்காரருக்கு | சிரமம் | மிக வசதி | சிரமம் | ஓரளவு | ஓரளவு |
| சமைப்பவருக்கு லீவு | உண்டு | இல்லை, எல்லாரும் கை கொடுத்தால் பாதி | பாதி | மத்தியானம் உண்டு | உண்டு |

## எதைக் கட்டுவது, எதைக் கட்டக் கூடாது

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்று பழமொழி கேட்கிறது. கொழும்பு வெயிலில் கேள்வி எத்தனை மணி நேரத்துக்கு என்பதுதான். சமைத்த சாப்பாட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, 32 பாகைக்கு மேல் சூடென்றால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்புக்காரர் சொல்லும் கணக்கு. வெறும் சோறு ஆபத்தில்லாததுபோல் தெரியும், அதில்தான் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் சூட்டுக்கும் சாகாத வித்துகள் முளைக்கும். புளிப்பு அதைத் தள்ளிப்போடும். நல்லெண்ணெயும் புளியும் தாராளமாக விட்ட புளிச்சாதத்தை அந்தக் காலத்து ஆட்கள் சும்மா தெரிவு செய்யவில்லை.

தேங்காய்ப்பால் சேர்ந்தது எதுவும் வானில் ஏறக் கூடாது. சொதியை ஒரு தரம் பிளாஸ்க்கில் கொண்டுபோனேன், பெந்தோட்டையில் மூடியைத் திறந்தபோது வந்த சத்தத்தை இன்னும் இவர் சொல்லிச் சிரிக்கிறார். பச்சைத் தேங்காய்ச் சம்பலுக்குப் பதிலாகக் கட்டச் சம்பல், அல்லது நன்றாக வதக்கின சீனிச்சம்பல். றொட்டி, நெத்தலிப் பொரியல், மோர்மிளகாய், அவித்த மரவள்ளி. மீன் கட்லட் முதல் நாளிரவே பொரித்து நன்றாக ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோனால் சரி.

பொதி கட்ட வாழையிலை. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரில் தடை செய்தாகிவிட்டது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. முத்துராஜவெலக் கரையில் அதன் மிச்சத்தைப் பார்த்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

## கடைசியாக வள்ளக்காரரிடம் கேட்க வேண்டியது

லைஃப் ஜக்கெட் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். "எட்டுப் பேருக்கு, அதில் இரண்டு சின்னப்பிள்ளை அளவு" என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். 2021 நவம்பரில் திருகோணமலைப் பக்கம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அது சுற்றுலா வள்ளமில்லை, ஆழமான கடலுமில்லை. சித்திரையில் போனால் இரண்டு மணிக்கு முன் கரையேறிவிடுங்கள், முழக்கம் கேட்டால் அதற்கும் முன்.

மச்சாள் ஜூலை இருபதில் வந்து இறங்குகிறாள். ஒன்பது பேர், இரண்டு பதின்மவயதுப் பிள்ளைகள், மாமியும் வருவேன் என்கிறார். முதல் ஞாயிறு பொல்கொட, மாமிக்காக. அடுத்த புதன்கிழமை விடிய முத்துராஜவெல, மாமி வீட்டில் இருந்து வெங்காயம் உரிப்பார். பெந்தோட்டைக்குப் பிள்ளைகளை அவர்களின் தகப்பன் ரயிலில் கூட்டிப் போகட்டும். அன்றைக்கு நான் சமைப்பதாக இல்லை.